அந்தமான் நிக்கோபார் தீவுகளில் எண்ணிம இடைவெளி

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் எண்ணிம இடைவெளி என்பது, வங்காள விரிகுடாவில் அமைந்துள்ள இந்திய ஒன்றியப் பகுதியான அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மக்களுக்கும் இந்தியப் பெருநிலப்பரப்பின் மக்களுக்கும் இடையே, இணையம், கைபேசி முதலிய தகவல் தொடர்பு வசதிகளைப் பெறுவதில் நிலவும் ஏற்றத்தாழ்வைக் குறிக்கும். 2020 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் வரை இத்தீவுகளின் வெளியுலகத் தொடர்பு செயற்கைக்கோள்களையே சார்ந்திருந்தது. அவ்வாண்டு ஆகத்து 10 ஆம் நாள் சென்னைக்கும் தீவுகளுக்கும் இடையே கடலடி ஒளியிழைக் கம்பிவடம் தொடங்கி வைக்கப்பட்டதைத் தொடர்ந்து இந்நிலை பெருமளவு மாறியது. எனினும் கம்பிவடம் கரையை அடைவதால் மட்டும் இடைவெளி முழுமையாக நீங்குவதில்லை என்பதற்கும் இத்தீவுகள் ஓர் எடுத்துக்காட்டாக விளங்குகின்றன.

எண்ணிம இடைவெளி: பொருள்

தகவல் தொடர்பு நுட்பங்களைப் பயன்படுத்தும் வாய்ப்பு உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையேயான வேறுபாடு எண்ணிம இடைவெளி எனப்படுகிறது. டிஜிட்டல் இடைவெளி, எண்ணிமப் பிளவு ஆகிய பெயர்களாலும் இது வழங்கப்படுகிறது. இவ்விடைவெளி பொதுவாகப் பின்வரும் நிலைகளில் காணப்படும்.

- இணைப்பு: ஓர் ஊருக்கு வலையமைப்பு வந்து சேர்ந்துள்ளதா என்பது.
- தரம்: வந்த இணைப்பு போதிய வேகமும் தொடர்ச்சியும் உடையதா என்பது.
- விலை: அதனைப் பயன்படுத்தும் செலவு மக்களின் வருவாய்க்கு ஏற்றதா என்பது.
- பயன்பாடு: அதனைப் பயன்படுத்தும் திறனும், பயனுள்ள செய்திகள் மக்களின் மொழியில் கிடைக்கும் நிலையும் உள்ளனவா என்பது.

நகரங்களில் முதல் நிலை பெரும்பாலும் தீர்ந்த சிக்கலாகும். தொலைதூரத் தீவுகளிலோ முதல் நிலையே மிகக் கடினமானது. நிலத்தில் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குக் கம்பிவடத்தைச் சிறிது சிறிதாக நீட்டிக்கொண்டே செல்லலாம். தீவுக்கு அவ்வாறு செய்ய இயலாது. முழுத் தொலைவையும் ஒரே முயற்சியில் கடக்க வேண்டும். பாதி வழி வரை போடப்பட்ட வடத்தால் எவருக்கும் பயனில்லை.

புவியியலும் மக்களும்

அந்தமான் நிக்கோபார் தீவுக்கூட்டம் வடக்கிலிருந்து தெற்காக 700 கிலோமீட்டருக்கும் மேல் பரந்துள்ளது. இதன் நிலப்பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர் ஆகும். நூற்றுக்கணக்கான தீவுகளும் திட்டுகளும் இருந்தாலும், மக்கள் வாழ்பவை நாற்பதுக்கும் குறைவானவையே. அந்தமான் தீவுகளையும் நிக்கோபார் தீவுகளையும் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் அகலமுள்ள பத்துப் பாகைக் கால்வாய் பிரிக்கிறது. தலைநகரான போர்ட் பிளேர் சென்னையிலிருந்து கடல்வழியாக ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இந்நகருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது. சென்னையிலிருந்து செல்லும் பயணிகள் கப்பல் இத்தொலைவைக் கடக்க ஏறத்தாழ மூன்று நாட்கள் எடுத்துக்கொள்கிறது.

2011 ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு 3,80,581 பேர் வாழ்ந்தனர். இவர்களுள் நிக்கோபார் மாவட்டத்தில் வாழ்ந்தோர் 36,842 பேர் மட்டுமே. வங்காளம், இந்தி ஆகியவற்றை அடுத்துத் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் ஆவர். கல்வி, மருத்துவம், வணிகம் ஆகியவற்றுக்காகத் தீவு மக்கள் சென்னையையும் கொல்கத்தாவையும் பெரிதும் சார்ந்துள்ளனர். போர்ட் பிளேரில் உள்ள சவகர்லால் நேரு அரசுக் கல்லூரி நீண்ட காலம் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டிருந்தது.

சிறிய மக்கள்தொகை, பெரிய தொலைவு, சிதறிய குடியிருப்புகள் ஆகிய மூன்றும் சேர்ந்து தொலைத்தொடர்பின் செலவை உயர்த்துகின்றன. ஒரு பெருநகரின் ஒரு பகுதியில் வாழும் அளவு மக்களே இத்தீவுகள் முழுவதிலும் வாழ்வதால், வணிக நோக்கில் மட்டும் கம்பிவடம் அமைக்க நிறுவனங்கள் முன்வரவில்லை.

கம்பிவடத்துக்கு முற்பட்ட நிலை

இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் போர்ட் பிளேருக்கும் பர்மாக் கரைக்கும் இடையே கம்பியில்லாத் தந்தித் தொடர்பு ஏற்படுத்தப்பட்டது. அக்காலத்தில் தண்டனைக் குடியிருப்பாக இருந்த தீவுகளின் நிர்வாகத் தேவைக்காகவே இது அமைந்தது. பிற்காலத்தில் தொலைபேசியும் அதனை அடுத்து இணையமும் செயற்கைக்கோள் வழியாக வந்தன.

2000களின் தொடக்கத்தில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தொலைமருத்துவத் திட்டத்தின் கீழ், போர்ட் பிளேரில் உள்ள கோ. வ. பந்த் மருத்துவமனை சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியுடன் செயற்கைக்கோள் வழியாக இணைக்கப்பட்டது. வலுவற்ற இணைப்பைக் கொண்டும் தீவு மக்களுக்குப் பயனளிக்க முடியும் என்பதை இம்முயற்சி காட்டியது.

செயற்கைக்கோள் இணைப்பின் வரம்புகள்

தொலைத்தொடர்புக்குப் பயன்படும் புவிநிலைச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளன. ஒரு குறிப்பலை மேலே சென்று கீழே வர 71,500 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்ய வேண்டும். ஒளியின் வேகத்தில் சென்றாலும் இதற்கு ஏறத்தாழ 0.24 நொடி ஆகும். பயனர் அனுப்பும் வேண்டுகோள் வழங்கியைச் சென்றடைந்து அதன் மறுமொழி திரும்பி வர, இதைப் போல் இருமடங்கு, அதாவது ஏறத்தாழ அரை நொடி தேவைப்படும். ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கும்போது கணினிக்கும் வழங்கிக்கும் இடையே இத்தகைய பரிமாற்றங்கள் பலமுறை நிகழ்வதால் தாமதம் பல நொடிகளாகப் பெருகுகிறது.

ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. கம்பிவடத்தின் நீளம் 2,000 கிலோமீட்டர் எனக் கொண்டாலும், போய் வர 0.02 நொடியே போதும்.

தாமதத்தைக் காட்டிலும் பெரிய சிக்கல் கொள்ளளவு ஆகும். ஒரு செயற்கைக்கோளின் அலைவாங்கிகள் வரையறுக்கப்பட்ட அலைக்கற்றையையே கையாள முடியும். அதன் வாடகையும் மிகுதி. தீவுகள் அனைத்தின் தொலைபேசி அழைப்புகளும், வங்கிப் பரிமாற்றங்களும், அரசு அலுவலகச் செய்திகளும், பொதுமக்களின் இணையப் பயன்பாடும் அந்தக் குறுகிய வழியையே பகிர்ந்துகொண்டன. கைபேசிக் கோபுரங்கள் இருந்த இடங்களிலும், அக்கோபுரங்களை வெளியுலகுடன் சேர்க்கும் இணைப்பு குறுகலாக இருந்ததால், நான்காம் தலைமுறைக் கைபேசிச் சேவை அதன் முழுத் திறனுடன் இயங்க முடியவில்லை.

2004 ஆழிப்பேரலையும் தகவல் தொடர்பும்

2004 திசம்பர் 26 அன்று இந்திய நேரப்படி காலை 6.28 மணியளவில் சுமாத்திராவுக்கு அருகே ஏற்பட்ட நிலநடுக்கத்தைத் தொடர்ந்து எழுந்த ஆழிப்பேரலைகள் நிக்கோபார் தீவுகளை மிகக் குறுகிய நேரத்தில் தாக்கின. அவை தமிழ்நாட்டின் கரையை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குப் பின்னரே அடைந்தன. எனினும் தீவுகளில் நிகழ்ந்த பேரழிவு, நாகப்பட்டினம், கடலூர், சென்னை ஆகிய கடலோரங்களில் வாழ்ந்தவர்களுக்கு எச்சரிக்கையாக மாறவில்லை. இந்தியப் பெருங்கடலுக்கான ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பு எதுவும் அக்காலத்தில் இல்லை. தீவுகளில் நிகழ்வதை விரைந்து அறிந்து கடலோர ஊர்கள் வரை கொண்டு சேர்க்கும் வழியும் இருக்கவில்லை. தீவின் தகவல் தொடர்புக் குறைபாடு தீவு மக்களை மட்டும் தாக்கும் சிக்கல் அன்று என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

அவ்வேளையில் பாரதி பிரசாத் தலைமையிலான பயில்நிலை வானொலியாளர் குழு ஒன்று போர்ட் பிளேரில் தங்கியிருந்தது. உலகெங்கும் உள்ள பயில்நிலை வானொலியாளர்களுடன் உரையாடுவதற்காக அரசின் சிறப்பு அனுமதி பெற்று அக்குழு அங்கு சென்றிருந்தது. வழக்கமான தொலைத்தொடர்புகள் செயலிழந்தபோது, அக்குழு தனது கருவிகளை மீட்புப் பணிக்குத் திருப்பி, தீவுகளிலிருந்து பெருநிலப்பரப்புக்குச் செய்திகளை அனுப்பியது. காணாமற் போனோரைப் பற்றிய விசாரிப்புகளும் இவ்வழியே பரிமாறப்பட்டன.

இப்பேரழிவைத் தொடர்ந்து ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தில் 2007 ஆம் ஆண்டு ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் அமைக்கப்பட்டது. ஆயினும் மையத்தில் உருவாகும் எச்சரிக்கை கடைசிக் குடியிருப்பு வரை சென்று சேர்ந்தால்தான் பயன் விளையும்.

சென்னை–அந்தமான் நிக்கோபார் கடலடிக் கம்பிவடம்

திட்டத்தின் வரலாறு

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2014 சூலையில், அந்தமான் நிக்கோபார் தீவுகளிலும் இலட்சத்தீவுகளிலும் தொலைத்தொடர்பை மேம்படுத்துவதற்கான பரிந்துரைகளை வெளியிட்டது. கடலடிக் கம்பிவடம் அமைத்தல் இவற்றுள் முதன்மையானது. 2016 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை, சென்னையைப் போர்ட் பிளேருடனும் வேறு ஐந்து தீவுகளுடனும் இணைக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஐந்தாண்டு இயக்கச் செலவு உட்பட 1,102.38 கோடி ரூபாய் எனத் திட்டமதிப்பு கணக்கிடப்பட்டது. பின்னர் ரங்கத், நீளத்தீவு ஆகியனவும் சேர்க்கப்பட்டன.

2018 திசம்பர் 30 அன்று போர்ட் பிளேரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2020 ஆகத்து 10 அன்று பிரதமர் நரேந்திர மோதி காணொளி வழியாக இக்கம்பிவடத்தைத் தொடங்கி வைத்தார். அது கொரோனாப் பெருந்தொற்றின் காலம். பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டு வகுப்புகள் இணையத்துக்கு மாறியிருந்த வேளையில் இணைப்பு வந்து சேர்ந்தது குறிப்பிடத்தக்கது.

அமைப்பு

இக்கம்பிவடத்தின் மொத்த நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் ஆகும். பாரத் சஞ்சார் நிகம் நிறுவனம் திட்டத்தை நிறைவேற்றியது. கம்பிவடத்தை அமைக்கும் பணியை சப்பானைச் சேர்ந்த என்.இ.சி. நிறுவனம் மேற்கொண்டது. போர்ட் பிளேரிலிருந்து பின்வரும் ஏழு இடங்களுக்குக் கிளைகள் செல்கின்றன.

- சுவராச் தீவு (முன்பு ஏவ்லாக்)
- ரங்கத்
- நீளத்தீவு
- சிறிய அந்தமான்
- கார் நிக்கோபார்
- கமோர்ட்டா
- பெரிய நிக்கோபார்

சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே நொடிக்கு 200 கிகாபிட் கொண்ட இரு வழிகளும், போர்ட் பிளேருக்கும் பிற தீவுகளுக்கும் இடையே நொடிக்கு 100 கிகாபிட் கொண்ட இரு வழிகளும் திட்டமிடப்பட்டன. தீவு மக்கள் அனைவரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தினாலும் ஒவ்வொருவருக்கும் நொடிக்கு ஏறத்தாழ 1 மெகாபிட் கிடைக்கும் அளவு இதுவாகும்.

ஆழ்கடலில் இடப்படும் இத்தகைய வடம் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயின் பருமனே உடையது. அதன் நடுவில் தலைமுடி போன்ற மெல்லிய கண்ணாடி இழைகள் உள்ளன. கரையை அடுத்த ஆழமற்ற பகுதிகளில் மீன்பிடி வலைகளும் நங்கூரங்களும் சேதப்படுத்தாதிருக்க எஃகுக் கம்பிகளால் கவசம் இடப்படும். ஒளி நெடுந்தொலைவு செல்லும்போது வலுக்குறைவதால், நீண்ட வடங்களில் குறிப்பிட்ட இடைவெளிகளில் ஒளிப்பெருக்கிகள் பொருத்தப்படுகின்றன. அவற்றுக்கான மின்சாரம் கரையிலுள்ள நிலையங்களிலிருந்து அதே வடத்தின் வழியாக அனுப்பப்படுகிறது.

செலவும் நிதியும்

திட்டத்தின் செலவு ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய் ஆகும். 2011 ஆம் ஆண்டின் மக்கள்தொகையால் இதனை வகுத்தால் ஒருவருக்கு ஏறத்தாழ 32,000 ரூபாய் வருகிறது. சந்தாக் கட்டணத்தின் மூலம் இத்தொகையை மீட்பது எந்த நிறுவனத்துக்கும் எளிதன்று.

எனவே இதற்கான நிதி அனைவருக்குமான சேவைக் கடப்பாட்டு நிதியத்திலிருந்து வழங்கப்பட்டது. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 விழுக்காடு இந்நிதியத்துக்காகப் பெறப்பட்டது. நகரங்களில் ஈட்டப்படும் வருவாயின் ஒரு பகுதி, வணிக நோக்கில் இலாபம் தராத ஊர்களின் இணைப்புக்குச் செலவிடப்படவேண்டும் என்பது இதன் அடிப்படைக் கருத்தாகும். 2023 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் இது டிஜிட்டல் பாரத் நிதி எனப் பெயர் பெற்றது.

கரையிலிருந்து வீடு வரை

கம்பிவடம் எட்டு இடங்களில் மட்டுமே கரையேறுகிறது. அங்கிருந்து ஒவ்வொரு குடியிருப்புக்கும் இணைப்பைக் கொண்டு செல்வது தனிப் பணியாகும். இதில் பின்வரும் தடைகள் உள்ளன.

- நிலப்பரப்பின் பெரும்பகுதி காடு ஆகும். காப்புக் காடுகளில் வடம் புதைக்கவும் கோபுரம் நாட்டவும் கட்டுப்பாடுகள் உள்ளன.
- கிளைவடம் செல்லாத சிறு தீவுகளுக்கு நுண்ணலை இணைப்பையோ செயற்கைக்கோளையோ பயன்படுத்த வேண்டியுள்ளது.
- மின்சாரத்தின் பெரும்பகுதி கப்பலில் கொண்டுவரப்படும் டீசலைக் கொண்டு ஆக்கப்படுகிறது. மின்சாரம் நின்றால் மின்கலத்தின் ஆற்றல் தீரும் வரையே கோபுரம் இயங்கும்.
- பழுதுபார்க்கும் ஊழியரும் உதிரிப் பாகங்களும் கப்பலிலோ உலங்கு வானூர்தியிலோ வரவேண்டும். பருவமழைக் காலத்தில் கப்பல் போக்குவரத்து தடைப்படுவதுண்டு.

இதனால் போர்ட் பிளேரில் வாழும் ஒருவரும் நிக்கோபாரின் ஒரு சிற்றூரில் வாழும் ஒருவரும் பெறும் பயன் ஒன்றாக இருப்பதில்லை. பெருநிலப்பரப்புக்கும் தீவுக்கும் இடையே இருந்த இடைவெளி குறையும்போது, தீவுக்கும் தீவுக்கும் இடையேயான இடைவெளி வெளிப்படையாகத் தெரிகிறது. கப்பல் பயணச்சீட்டு, கல்லூரி விண்ணப்பம், வங்கிக் கணக்கு முதலியன இணையவழிக்கு மாறும்போது, இணைப்பு இல்லாதவர் முன்னிருந்த நிலையிலும் பின்தங்குகிறார்.

மொழி

தீவுகளில் வழங்கும் பெரிய மொழிகளான வங்காளம், இந்தி, தமிழ், தெலுங்கு ஆகியவற்றில் இணைய உள்ளடக்கம் கணிசமாக உள்ளது. பெருநிலப்பரப்பில் உருவாக்கப்பட்டவை என்றாலும் அவை தீவு மக்களுக்கும் பயன்படுகின்றன. நிக்கோபாரி மொழிகளின் நிலை வேறானது. கார் நிக்கோபாரி மொழி உரோம எழுத்துக்களில் எழுதப்படுவதால் அதனைத் தட்டச்சு செய்வதில் தடை எதுவும் இல்லை. ஆனால் அம்மொழியில் உள்ள இணைய உள்ளடக்கம் மிகக் குறைவே. இத்தகைய மொழியைப் பேசுவோர், இணைப்பு கிடைத்த பின்னரும் வேறொரு மொழியின் வாயிலாகவே இணையத்தைப் பயன்படுத்த வேண்டியுள்ளது.

பழங்குடிகளும் இணைப்பும்

இத்தீவுகளில் எண்ணிம இடைவெளியைக் குறைக்கும் நோக்கம் அனைவருக்கும் ஒரே வகையில் பொருந்துவதில்லை. பெரும் அந்தமானியர், ஒங்கே, சாரவா, சென்டினலியர், சோம்பென் ஆகிய பழங்குடிகளின் வாழிடங்கள் 1956 ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் கீழ் காக்கப்படுகின்றன. வடக்கு சென்டினல் தீவை அணுகுவதே தடைசெய்யப்பட்டுள்ளது. வெளியாரின் நோய்களுக்கு எதிரான தடுப்பாற்றல் இன்மை இதற்கான காரணங்களுள் ஒன்று.

எண்ணிமக் கருவிகள் இம்மக்களுக்குத் தீங்காகவும் அமைந்துள்ளன. சுற்றுலாப் பயணிகளுக்காகச் சாரவாப் பெண்கள் ஆட வைக்கப்படும் நிகழ்படம் ஒன்று 2012 சனவரியில் பிரித்தானிய இதழொன்றின் வழியாக வெளிவந்து பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. அவ்வாண்டே ஒழுங்குவிதி திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. இணைப்பைப் பெறும் உரிமையைப் போலவே, படம் பிடிக்கப்படாமலும் பரப்பப்படாமலும் இருக்கும் உரிமையும் இங்கு கருத்தில் கொள்ளப்பட வேண்டியதாகிறது.

ஒற்றை வடத்தைச் சார்ந்திருத்தல்

உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 150 முதல் 200 கடலடிக் கம்பிவடப் பழுதுகள் ஏற்படுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை மீன்பிடித்தலாலும் நங்கூரங்களாலும் விளைபவை. பல வடங்களைக் கொண்ட நாடுகளில் ஒரு வடம் அறுந்தாலும் போக்குவரத்து வேறு வழியில் திருப்பப்படும். ஒற்றை வடத்தைச் சார்ந்த தீவுகளில் அவ்வாய்ப்பு இல்லை.

பசிபிக் பெருங்கடலில் உள்ள தொங்கா நாடு இதற்கு எடுத்துக்காட்டு ஆகும். 2013 முதல் பிஜியுடன் ஒரு கடலடி வடத்தால் இணைக்கப்பட்டிருந்த அந்நாடு, 2019 சனவரியில் அது அறுந்தபோது ஏறத்தாழ இரண்டு வாரங்கள் பெரும் தடைக்கு உள்ளானது. 2022 சனவரி 15 அன்று அங்கா தொங்கா எரிமலை வெடித்தபோது வடம் மீண்டும் அறுந்தது. பழுதுபார்க்கும் கப்பல் வந்து அதனைச் சீரமைக்க ஏறத்தாழ ஐந்து வாரங்கள் ஆயின. வெளித் தீவுகளுக்கான உள்நாட்டு வடம் சீராக ஓராண்டுக்கும் மேல் ஆனது.

அந்தமான் நிக்கோபார் தீவுகளும் நிலநடுக்க வாய்ப்பு மிகுந்த பகுதியில் அமைந்துள்ளன. எனவே செயற்கைக்கோள் இணைப்புகளை மாற்று வழியாகப் பேணுவது தேவையாகிறது. ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் தாழ்சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள் தொகுதிகள், புவிநிலைச் செயற்கைக்கோள்களைக் காட்டிலும் மிகக் குறைந்த தாமதத்துடன் இயங்குவதால் இதற்கு ஏற்றவையாகக் கருதப்படுகின்றன. கம்பிவடமும் செயற்கைக்கோளும் ஒன்றுக்கொன்று துணையானவை. வடம் கொள்ளளவைத் தருகிறது, செயற்கைக்கோள் வடம் அறுந்த நாளில் தொடர்பைக் காக்கிறது.

இலட்சத்தீவுகளில் ஒத்த திட்டம்

அரபிக்கடலில் உள்ள இலட்சத்தீவுகளும் நெடுங்காலம் செயற்கைக்கோளையே சார்ந்திருந்தன. கொச்சியிலிருந்து கவரத்தி, மினிக்காய், அகத்தி உள்ளிட்ட 11 தீவுகளை இணைக்கும் 1,868 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கம்பிவடம் 2024 சனவரி 3 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. ஏறத்தாழ 1,072 கோடி ரூபாய் செலவிலான இத்திட்டத்துக்கும் அனைவருக்குமான சேவைக் கடப்பாட்டு நிதியமே நிதியளித்தது. இதன் மூலம் இந்தியாவின் இரு பெரும் தீவுக்கூட்டங்களும் பெருநிலப்பரப்புடன் ஒளியிழையால் இணைக்கப்பட்டன.